கனடா கோதுமை வாரியம்: 69 ஆண்டு ஏகபோகமும் விவசாயிகளின் பிளவும்

2002 அக்டோபர் 31 அன்று, கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்து லெத்பிரிட்ஜ் நகரில் 13 விவசாயிகள் சிறைக்குச் சென்றார்கள். தங்கள் நிலத்தில் விளைந்த தானியத்தை ஏற்றுமதி உரிமம் இல்லாமல் அமெரிக்க எல்லைக்கு அப்பால் கொண்டுசென்ற வழக்குகளில் விதிக்கப்பட்ட அபராதத்தைக் கட்ட மறுத்து, சிறையை அவர்கள் தேர்ந்துகொண்டார்கள். அவர்களில் ஒருவர் கொண்டுசென்றது ஒரு மூட்டை அளவே. அதையும் அவர் விற்கவில்லை. மொன்டானா மாநிலத்தில் இளையோர் மன்றம் ஒன்றுக்கு நன்கொடையாகக் கொடுத்தார். அந்த உரிமத்தை வழங்கும் அதிகாரம் பெற்ற கனடா கோதுமை வாரியத்தில், சக விவசாயிகளின் வாக்கால் தேர்ந்தெடுக்கப்பட்ட இயக்குநராகவும் அவர் அப்போது இருந்தார் என்பதை இந்த வழக்கைப் படிப்பவர்கள் மறக்கக் கூடாது. அரசுக்கும் விவசாயிக்கும் நடந்த சண்டையாக மட்டும் இதைப் பார்த்தால் பாதிதான் விளங்கும். ஒரே சாலையில் டிராக்டர் ஓட்டி, ஒரே கிடங்கில் தானியம் இறக்கிய அண்டை வீட்டார் இரண்டு தலைமுறைக் காலம் பிரிந்து நின்ற தகராறு இது.

மானிட்டோபா, சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா ஆகிய மூன்று மாகாணங்களிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவின் பீஸ் ஆற்றுப் பகுதியிலும் விளையும் கோதுமையையும் பார்லியையும், ஏற்றுமதிக்காகவோ உள்நாட்டில் மனித உணவுக்காகவோ விற்பதென்றால், கோதுமைக்கு 1943 முதலும் பார்லிக்கு 1949 முதலும் 2012 வரை வாரியத்திடம்தான் விற்க வேண்டும் என்பது சட்டம். உள்நாட்டுக் கால்நடைத் தீவனச் சந்தைக்கு மட்டும் 1974இல் விலக்குக் கிடைத்தது. கிழக்கே ஒன்டாரியோ விவசாயிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே தனி வாரியம் இருந்தது, அதன் கட்டாயமும் 2003இல் விலகியது. ஒரே நாட்டில் ஒரு விவசாயிக்கு ஒரு நீதி, இன்னொருவருக்கு வேறு நீதி என்ற மேற்குப் பகுதியினரின் மனக்குறை கடைசிவரை ஆறவில்லை.

ஏகபோகம் வந்த வழி

இந்த வாரியத்தை விவசாயிகள் மீது அரசு திணித்தது என்று ஒரு தரப்பும், விவசாயிகள் போராடிப் பெற்றார்கள் என்று மறு தரப்பும் சொல்லிவந்தன. இரண்டுக்கும் வரலாற்றில் இடமிருக்கிறது.

மேற்குச் சமவெளியில் குடியேறிய முதல் தலைமுறைக்கு எதிரிகளாகத் தெரிந்தவை இரயில்வேயும், எலிவேட்டர் என்று அங்கே அழைக்கப்படும் பாதையோரத் தானியக் கிடங்குகளின் கம்பெனிகளும்தான். விளைச்சலை ஏற்ற இரயில் பெட்டி கிடைக்காவிட்டால், கிடங்குக்காரர் சொல்லும் எடைக்கும் தரத்துக்கும் விலைக்கும் தலையாட்டுவதைத் தவிர விவசாயிக்கு வழியில்லை. 1902இல் சின்டலூட்டா என்ற சிற்றூரில், பெட்டிகளை முறைப்படி ஒதுக்காத இரயில் நிலைய முகவர் மீது விவசாயிகளின் சங்கம் வழக்குத் தொடுத்து வென்றது. அந்த வெற்றியின் நினைவு சமவெளியின் கூட்டுறவு இயக்கம் முழுவதற்கும் உரமானது. முதல் உலகப் போருக்குப் பின் 1919இல் அமைந்த முதல் கோதுமை வாரியம் மறு ஆண்டே கலைக்கப்பட, அதை மீட்டுத் தரும்படி கேட்டுச் சலித்த விவசாயிகள் 1923லும் 1924லும் மூன்று மாகாணங்களிலும் தாங்களே கோதுமைக் கூட்டுறவுகளைத் தொடங்கினார்கள். உறுப்பினருக்கு அறுவடையின்போது முன்பணம், பருவம் முழுதும் விற்ற பின் மீதித் தொகை, எல்லோருக்கும் ஒரே சராசரி விலை என்ற முறை அங்கேதான் வேரூன்றியது.

1929இல் அந்தக் கூட்டுறவுகள் புஷலுக்கு (கோதுமையில் சுமார் 27 கிலோ) ஒரு டாலர் முன்பணம் கொடுத்தன. பின்னர் விலை சரிந்து, 1932 டிசம்பரில் புஷல் 38 சென்ட் அளவுக்கு இறங்கியது. வங்கிக் கடனுக்கு மாகாண அரசுகள் பிணை நின்றதால் கூட்டுறவுகள் உயிர் பிழைத்தாலும், மையப்படுத்திய விற்பனையை அவை கைவிட நேர்ந்தது. இந்த இடிபாட்டின் மீதுதான் 1935இல் பிரதமர் ஆர். பி. பென்னட்டின் அரசு கனடா கோதுமை வாரியத்தை எழுப்பியது. அது கட்டாய வாரியம் அல்ல என்பதை இங்கே அடிக்கோடிட வேண்டும். விருப்பமுள்ளவர் வாரியத்திடம் விற்கலாம். மற்றவர் வினிபெக் தானியச் சந்தையில் விற்கலாம். வாரியம் அறிவித்த முன்பணத்துக்கு அரசு பொறுப்பேற்றதால், சந்தை விலை அதற்குக் கீழே போன ஆண்டில் எல்லோரும் வாரியத்திடம் வந்தார்கள். மேலே போன ஆண்டில் யாரும் வரவில்லை. 1938இல் முன்பணம் 80 சென்ட் என்று வைத்ததில் அந்தப் பருவத்தின் இழப்பு 6 கோடி டாலரைத் தாண்டியது.

கட்டாயம் வந்தது 1943 செப்டம்பரில். அப்போது விலை ஏறிக்கொண்டிருந்தது. போர்க்காலப் பணவீக்கத்தைக் கட்டுப்படுத்தவும், பிரிட்டனுக்கும் நேச நாடுகளுக்கும் தானியம் உறுதியாகப் போய்ச் சேரவும் அரசு வினிபெக்கின் கோதுமை முன்பேர வணிகத்தை நிறுத்தி, வாரியத்தை ஒரே வாங்குவோராக ஆக்கியது. விலையை ஏற விடாமல் பிடித்துவைக்க வந்த ஏற்பாட்டை, அமைதிக் காலம் வந்ததும் விவசாயிகளில் பெரும்பகுதியினர் தங்கள் பாதுகாப்பாக ஏற்றுக்கொண்டார்கள். இந்தத் திருப்பம் எனக்கு வியப்பளிக்கிறது. 1930களின் பசியை அனுபவித்தவர்களுக்கு அது வியப்பாக இருந்திருக்காது. ஆனாலும் அரசு தன் நோக்கத்துக்கு வாரியத்தைப் பயன்படுத்தும் ஆபத்து உடனே வெளிப்பட்டது. 1946இல் பிரிட்டனுடன் செய்த ஒப்பந்தத்தில் முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் புஷல் 1.55 டாலர் என்று ஒட்டாவா, அதாவது கனடாவின் மத்திய அரசு, விலை நிர்ணயித்தது. உலகச் சந்தையோ அதற்கு வெகு மேலே போனது. எதிர்த்தரப்பு விவசாயிகளின் குடும்பங்களில் அந்த இழப்பின் கதை பேரன்வரை சொல்லப்பட்டது.

கணக்குப் புத்தகமும் எல்லைக்கோடும்

வாரியத்தின் நடைமுறையை அறியாமல் தகராறு புரியாது. ஆகஸ்ட் முதல் தேதி தொடங்கும் பயிராண்டில் விவசாயிக்கு அனுமதிப் புத்தகம் ஒன்று வழங்கப்படும். எவ்வளவு தானியத்தை எப்போது கிடங்குக்குக் கொண்டுவரலாம் என்பதை வாரியம் தன் விற்பனைக்கு ஏற்ப அழைத்துச் சொல்லும். இறக்கிய அன்று எதிர்பார்க்கும் வருவாயில் ஒரு பகுதி முன்பணமாகக் கிடைக்கும். விலை ஏறினால் இடையில் கூடுதல் தவணை வரும். ஆண்டு முடிந்து கணக்குத் தீர்ந்த பின் இறுதித் தவணை வரும். செப்டம்பரில் விற்றவருக்கும் மே மாதத்தில் விற்றவருக்கும், ஒரே தரமாக இருந்தால், ஒரே சராசரி விலை. இலாபம் என்று வாரியம் எதையும் வைத்துக்கொள்ளாது. செலவு போக எல்லாம் விவசாயிக்கே.

ஆதரவாளர்கள் இந்த ஏற்பாட்டில் நியாயத்தைக் கண்டார்கள். சந்தையை நாள்தோறும் கவனிக்க நேரமில்லாத சிறு விவசாயியும், பெரும் பண்ணை நடத்துபவரும் ஒரே விலை பெற்றார்கள். எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் வாங்குவோருக்கு எதிரே ஒரே விற்பனையாளர் நின்றதால், ஜப்பானுக்கு ஒரு விலை, விலை குறைந்த சந்தைக்கு வேறு விலை என்று பிரித்து விற்க முடிந்தது. ஒரே கோதுமைக்காகக் கனடா விவசாயிகள் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளும் நிலை எழவில்லை. எதிர்ப்பாளர்கள் அதே ஏற்பாட்டில் அடைபட்ட உணர்வைக் கண்டார்கள். கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது, தன் உழைப்பின் முழு விலையும் பதினைந்து மாதம் கழித்துத்தான் தெரியவரும் என்பது தொழில் நடத்துபவருக்குப் பெரிய இடைஞ்சல். விலை உச்சத்தில் இருந்த வாரத்தில் விற்கத் துணிந்தவரின் திறமை, சராசரியில் கரைந்துபோனது.

1993இல் இந்தக் கசப்பு முற்றியது. அமெரிக்க வடக்குச் சமவெளியில் மழையாலும் பூஞ்சை நோயாலும் பயிர் கெட்டு, எல்லைக்கு அப்பால் உள்ள கிடங்குகளில் விலை உயர்ந்தது. எல்லையோர விவசாயி தன் வீட்டு வாசலில் இருந்தே அந்தக் கிடங்கைப் பார்க்க முடியும். ஆனால் அங்கே விற்க வேண்டுமானால், தன் தானியத்தை முதலில் வாரியத்துக்கு விற்றதாகக் கணக்கு எழுதி, வாரியம் குறிக்கும் விலைக்குத் திரும்ப வாங்கி, அதன் பிறகே கொண்டுபோக வேண்டும். தன் களஞ்சியத்தை விட்டு ஒரு மணிகூட நகராத கோதுமையைத் தானே விலை கொடுத்து வாங்கும் இந்த நடைமுறையைவிட எதிர்ப்பியக்கத்துக்கு ஆள் சேர்த்தது வேறெதுவும் இல்லை. வாரியத்தின் தரப்பில் இதற்கு விளக்கம் இருந்தது: எல்லைக்கு அருகில் இருப்பவர் மட்டும் அந்த உயர்ந்த விலையை எடுத்துக்கொண்டால், 800 கிலோமீட்டர் வடக்கே இருப்பவருக்குச் சராசரியில் சேர வேண்டிய பங்கு குறையும். விளக்கம் சரியானதே. ஆனாலும் அதை ஏற்பதற்கு, அந்த வடக்கத்தி விவசாயியைத் தன் பங்காளியாக நினைக்கும் மனம் வேண்டும். சட்டத்தின் கட்டாயத்தால் அந்த மனத்தை உண்டாக்க முடியாது.

வாரியம் உண்மையில் கூடுதல் விலை பெற்றுத்தந்ததா? 1996இல் மூன்று பொருளாதாரப் பேராசிரியர்கள் வாரியத்தின் இரகசிய ஒப்பந்தங்களைப் பார்வையிட்டு, கோதுமையில் ஆண்டுக்குச் சுமார் 26.5 கோடி டாலர் கூடுதலாகக் கிடைக்கிறது என்று கணித்தார்கள். அதே ஆண்டு ஆல்பர்ட்டா அரசுக்காக வேறு இருவர் செய்த ஆய்வு, மறைமுகச் செலவுகளைச் சேர்த்தால் விவசாயிக்கு நட்டமே என்று முடித்தது. அந்த ஒப்பந்தங்களை இரண்டாம் குழு பார்க்கவில்லை. வணிக இரகசியம் என்று வாரியம் விவரங்களைப் பூட்டிவைத்ததால், வாரியத்தை நம்பியவர் முதல் ஆய்வையும், நம்பாதவர் இரண்டாவதையும் எடுத்துக்கொண்டார்கள். தன் முதலாளிகளான விவசாயிகளிடமே கணக்கைத் திறந்து காட்டாதது வாரியம் தனக்குத் தானே செய்துகொண்ட பெருந்தீங்கு என்று நான் கருதுகிறேன்.

வாரியத்துக்கு வெளியே இருந்த பயிர்கள் எதிர்த்தரப்புக்குக் கண்கூடான சாட்சியாயின. 1973இல் நடந்த வாக்கெடுப்பில் ரேப்சீடு எண்ணெய்வித்து விவசாயிகள் வாரியத்துக்குள் வர இசையவில்லை. அந்தப் பயிரிலிருந்து உருவான கனோலா இன்று கனடாவின் முதன்மைப் பணப்பயிர்களில் ஒன்று. பருப்பு வகைகளும் வாரியத்துக்கு அப்பாற்பட்டவையே. இலங்கையில் மைசூர்ப் பருப்பு என்ற பெயரில் நம் வீட்டு அடுப்பில் வேகும் சிவந்த பருப்பில் கணிசமான பங்கு சஸ்காச்சுவானில் விளைந்து, தனியார் வணிகர் கைவழியாக வருவதுதான். ஓட்ஸை 1989இல் அரசு வாரியத்தின் பிடியிலிருந்து எடுத்தது. சந்தையில் விற்கப் பழகிய தலைமுறை, கோதுமைக்கு மட்டும் ஏன் காவலாள் என்று கேட்டது.

கேள்வியை யார் எழுதுவது

வாக்கெடுப்புகளின் கதையில்தான் இந்த வழக்கின் உயிர் இருக்கிறது. 1995இல் ஆல்பர்ட்டா மாகாணம் தன் விவசாயிகளிடம் விற்பனைச் சுதந்திரம் வேண்டுமா என்று கேட்டபோது, கோதுமைக்கு 62 சதவீதமும் பார்லிக்கு 66 சதவீதமும் வேண்டும் என்றன. 1997இல் மத்திய அரசு மூன்று மாகாணங்களிலும், பார்லிக்கு முழு ஏகபோகமா முழுத் திறந்த சந்தையா என்று இரண்டே விடைகளுடன் கேட்டபோது, ஏறத்தாழ 63 சதவீதத்தினர் ஏகபோகத்தைத் தேர்ந்தார்கள். 2007இல் பிரதமர் ஸ்டீஃபன் ஹார்ப்பரின் அரசு அதே பார்லிக்கு மூன்று விடைகளை வைத்தது. ஏகபோகத்துக்கு 37.8 சதவீதம், வாரியமும் இருக்கட்டும், பிறரிடமும் விற்கலாம் என்பதற்கு 48.4 சதவீதம், வாரியமே வேண்டாம் என்பதற்கு 13.8 சதவீதம். பின் இரண்டையும் கூட்டி, 62 சதவீதத்தினர் ஏகபோகத்தை நிராகரித்தார்கள் என்றது அரசு. முதல் இரண்டையும் கூட்டினால் 86 சதவீதத்தினர் வாரியம் வேண்டும் என்கிறார்களே என்றது எதிர்த்தரப்பு.

இந்த நடு விடைதான் சிக்கலின் மையம். வேண்டியவர் வாரியத்திடம் விற்கட்டும், வேண்டாதவர் வெளியே விற்கட்டும் என்பது கேட்க நியாயமாகவே இருக்கிறது; என் மனமும் முதலில் அங்கேதான் சாய்ந்தது. ஆனால் வாரியத்துக்குச் சொந்தமாக ஓர் எலிவேட்டரும் இல்லை, துறைமுக முனையமும் இல்லை. எல்லாத் தானியமும் தன் கையில் இருந்த பலத்தில்தான் அது கம்பெனிகளின் கிடங்குகளையும் இரயில்வேயையும் தன் திட்டப்படி இயங்கவைத்தது. கட்டாயம் போய்விட்டால், போட்டியாளரின் கிடங்கில் இடம் கேட்டு நிற்கும் சிறு வணிகராக அது ஆகிவிடும். 1935 முதல் 1943 வரை நடந்த பரிசோதனையும் இதையே காட்டியது. ஆகவே ஏகபோகமும் தனிமனிதத் தெரிவும் ஒரே வாக்குச் சீட்டில் சமரசமாகக் கூடிய இரு பொருள்களாக இருக்கவில்லை; ஒன்றைக் கொடுத்தால்தான் மற்றது கிடைக்கும். அதை விவசாயிகளிடம் ஒளிக்காமல் சொல்லி வாக்குக் கேட்டிருக்க வேண்டும்.

1998இன் சட்டத் திருத்தம் வாரியத்தை விவசாயிகளின் பொறுப்பில் விட்டது: 15 இயக்குநர்களில் 10 பேரை விவசாயிகளே தேர்ந்தார்கள். எந்தத் தானியத்தையும் வாரியத்திலிருந்து விலக்கும் மசோதாவைக் கொண்டுவருமுன், அமைச்சர் வாரியத்தைக் கலந்தாலோசித்து, விவசாயிகளின் வாக்கெடுப்பையும் நடத்த வேண்டும் என்று 47.1ஆம் பிரிவு விதித்தது. இருந்தும், 2006 டிசம்பரில் வாரியத்தின் தலைமை அதிகாரி அரசால் நீக்கப்பட்டார். 2007இல் பார்லியை வெறும் ஒழுங்குவிதியால் விடுவிக்க முயன்றதை, அது நடைமுறைக்கு வரவேண்டிய நாளுக்கு முந்திய நாள் கூட்டாட்சி நீதிமன்றம் தடுத்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட இயக்குநர்களில் பெரும்பான்மையினர் ஏகபோக ஆதரவாளர்களாகவே தொடர்ந்து வந்தார்கள்.

2011 மே மாதம் ஹார்ப்பர் அறுதிப் பெரும்பான்மை பெற்றார். வேளாண் அமைச்சர் ஜெரி ரிட்ஸ், தேர்தலே விவசாயிகளின் தீர்ப்பு என்ற நிலைப்பாட்டை எடுத்தார். அரசு வாக்கெடுப்பு நடத்தாததால் வாரியமே நடத்தியது. 56 சதவீதத்தினர் பங்கேற்றதில், கோதுமைக்கு 62 சதவீதமும் பார்லிக்கு 51 சதவீதமும் ஏகபோகத்தைக் கேட்டன. முழுத் திறந்த சந்தையா, முழு ஏகபோகமா என்ற கேள்வியை வாரியம் தன் வசதிக்கு எழுதிக்கொண்டது என்று அரசு அதை ஒதுக்கியது. பெருமளவு தானியத்தை விளைவிக்கும் பண்ணைக்கும் சிறு நிலத்துக்கும் ஒரே வாக்கா என்ற பழைய கேள்வியும் எழுந்தது. டிசம்பர் 7 அன்று நீதிபதி டக்ளஸ் கேம்பெல், 47.1ஆம் பிரிவை அமைச்சர் மீறினார் என்று தீர்ப்பளித்தார். டிசம்பர் 15 அன்று ஏகபோகத்தை நீக்கும் மசோதா சட்டமாகி, தேர்ந்தெடுக்கப்பட்ட இயக்குநர்கள் பதவியிழந்தார்கள். மறு ஆண்டு ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கேம்பெல்லின் தீர்ப்பை மாற்றியது. 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு ஏற்க மறுத்தது. அந்த வழக்கு அதோடு முடிந்தது.

2012க்குப் பின்

2012 ஆகஸ்ட் 1 அன்று ஏகபோகம் முடிந்தது. அன்று சஸ்காச்சுவானின் கிண்டர்ஸ்லி அருகே ஒரு பண்ணையில், எல்லை தாண்டி விற்றுத் தண்டனை பெற்ற விவசாயிகளுக்கு மன்னிப்பு வழங்குவதாக ஹார்ப்பர் அறிவித்தார். அமெரிக்க வறட்சியால் அவ்வாண்டு விலை நன்றாகவே இருந்ததால், அச்சமூட்டியவர்கள் பொய்த்தார்கள் என்ற பேச்சு எழுந்தது. மறு ஆண்டு வரலாறு காணாத அறுவடை வந்தது. கோதுமை மட்டும் 3.7 கோடி டன்னுக்கும் மேல். கடுங்குளிரும் சேர்ந்துகொள்ள, இரயில்வேக்களால் அதை நகர்த்த முடியவில்லை. கிடங்குகள் நிரம்பி வழிந்தன. துறைமுகத்தில் கப்பல்கள் காத்து நின்றன. துறைமுக விலைக்கும் விவசாயி கையில் பெற்ற விலைக்கும் இடையே இருந்த இடைவெளி பெருகி, அந்த வேறுபாடு விவசாயியின் பைக்கு வரவில்லை. 2014 மார்ச்சில், சந்தையை விடுவித்த அதே அரசு, இரண்டு பெரும் இரயில்வேக்களும் வாரத்துக்குத் தலா 5 இலட்சம் டன் தானியம் நகர்த்தியாக வேண்டும் என்று ஆணையிட்டது.

வாரியம் இருந்திருந்தால் அந்தக் குளிர்காலம் இலகுவாகக் கழிந்திருக்கும் என்று நான் உறுதி கூற மாட்டேன். அந்த அளவு விளைச்சல் எந்த அமைப்பையும் திணறடித்திருக்கும். ஆனால் எந்தக் கப்பலுக்கு எந்தத் தரம் எப்போது வேண்டும் என்பதை ஒரே இடத்திலிருந்து பார்த்து அழைப்பு விடுத்த ஒருங்கிணைப்பு அப்போது இல்லை. நெரிசலால் விளைந்த இடைவெளி யாருக்குப் போனாலும், வாரியத்தின் காலத்தில் அது கூட்டுக் கணக்கில் சேர்ந்து விவசாயிக்கே திரும்பியிருக்கும். இருபது ஆண்டுகள் விலையைப் பற்றியே இரு தரப்பும் வாதாடியதில், 1902இன் சின்டலூட்டா விவசாயிகள் முதலில் கவலைப்பட்ட இரயில் பெட்டி ஏறத்தாழ மறக்கப்பட்டிருந்தது.

விருப்ப முறையில் தொடர்ந்த வாரியம் மூன்றே ஆண்டுகள் தாங்கியது. 2015இல், பங்கி என்ற பன்னாட்டுத் தானிய வணிக நிறுவனத்தின் கனடா கிளையும் சவூதி அரசின் வேளாண் முதலீட்டுக் கம்பெனியும் சேர்ந்த கூட்டமைப்பு 25 கோடி டாலர் முதலீட்டில் அதன் 50.1 சதவீதத்தை எடுத்துக்கொண்டது. ஜி3 என்று பெயரும் மாறியது. மீதிப் பங்கு விவசாயிகளுக்கான அறக்கட்டளைக்கு. மறுபுறம், 1920களில் விவசாயிகள் தொடங்கிய கூட்டுறவுகள் ஒன்றோடொன்று இணைந்து விட்டெரா என்ற கம்பெனியாகி, 2012இல் கிளென்கோர் என்ற பன்னாட்டு வணிக நிறுவனத்தின் கைக்குப் போய், 2025இல் பங்கியுடன் கலந்துவிட்டன. விவசாயிகளின் வாரியத்தின் வழித்தோன்றலும், விவசாயிகளின் கூட்டுறவுகளின் வழித்தோன்றலும் இப்படி ஒரே நிறுவனத்தின் வாசலில் வந்து சேர்ந்திருக்கின்றன.

இன்று சமவெளியின் கோதுமை விவசாயி காலையில் பல கம்பெனிகளின் விலையைக் கைபேசியில் பார்த்து, தான் நினைத்த நாளில் விற்கிறார். வயதில் இளையவர்களில் பலர் இதைத் திரும்பக் கொடுக்க மாட்டார்கள். அவர்களுடைய இந்த உரிமையை நான் குறைவாக மதிப்பிடவில்லை. அந்த உரிமை கிடைத்த விதம்தான் உறுத்துகிறது. ரேப்சீடுக்கும் பார்லிக்கும் விவசாயிகளிடம் வாக்குச் சீட்டு கொடுத்த ஒட்டாவா, கோதுமையை வாரியத்தின் ஏகபோகத்துக்குள் கொண்டுவந்த 1943இலும் அவர்களைக் கேட்கவில்லை, வெளியே கொண்டுபோன 2011இலும் கேட்கவில்லை.